பிலிப்பும் ஹான்ஸும்: கரும்பலகையில் ஏறும் பெயர், ஏறாத பெயர்

ஆசிரியர் அலுவலக அறை வரை போய்வர வேண்டியிருக்கிறது. கிளம்பும் முன் வகுப்புத் தலைவனிடம் சாக்பீஸைக் கொடுத்து, "பேசுறவங்க பேரை போர்டுல எழுதி வை" என்கிறார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் பழக்கமான காட்சி. ஐந்தே நிமிடத்தில் கரும்பலகையின் ஓரத்தில் நான்கு பெயர்கள் ஏறிவிடும். முதல் பெயருக்கு எதிரே பெருக்கல் குறிகள் ரயில் பெட்டி போல நீளும். ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரை அந்த முதல் பெயர் பெரும்பாலும் மாறாது.

அதே வகுப்பில் சன்னலோரம் இன்னொரு பிள்ளை. பேசவில்லை, எழவில்லை, பக்கத்துப் பிள்ளையைச் சீண்டவில்லை. அதனால் அதன் பெயர் பலகைக்கு வந்ததே இல்லை. ஆசிரியர் திரும்பி வந்து விட்ட இடத்தில் பாடத்தைத் தொடங்கும்போது எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. அவர் வெளியே போவதற்கு முன்பும் தெரிந்திருக்கவில்லை.

இந்த இருவருக்கும் இன்றைய மருத்துவம் ஒரே பெயரை வைக்கக்கூடும்: கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு. மருத்துவமனை வழக்கில் ஏ.டி.எச்.டி. நேரெதிராகத் தெரியும் இரண்டு பிள்ளைகள் ஒரே பெயருக்குள் எப்படி அடங்குகிறார்கள்? வகுப்பறைக் கண்ணுக்கு ஒருவர் மட்டும் ஏன் படுகிறார்? இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். நிறுத்திப் பார்ப்பதற்கு, பழைய ஜெர்மன் படப் புத்தகம் ஒன்றிலிருந்து இரண்டு சிறுவர்களை அழைத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மேசையும் ஆற்றங்கரையும்

ஹைன்ரிஷ் ஹோஃப்மன் ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவர். பின்னாளில் அந்நகரின் மனநல மருத்துவமனைக்குத் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்தவர். 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்குப் படப் புத்தகம் வாங்கக் கடையில் தேடினார். எதுவும் பிடிக்கவில்லை. எழுதாத நோட்டு ஒன்றை வாங்கிவந்து தானே கதைப்பாட்டு எழுதிப் படமும் வரைந்தார். 1845-இல் அது அச்சேறியது. 'ஸ்ட்ரூவல்பீட்டர்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அந்நூலின் அடுத்தடுத்த பதிப்புகளில் சேர்ந்தவர்கள்தாம் நம் இருவரும்: நெளிந்துகொண்டே இருக்கும் பிலிப், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கும் ஹான்ஸ்.

பிலிப்பின் கதை சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. இன்றைக்காவது இவன் அசையாமல் உட்காருவானா என்று அப்பா கேட்பதில்தான் கதையே தொடங்குகிறது. அம்மா பேசாமல் மேசையைச் சுற்றிப் பார்க்கிறாள். பிலிப் நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டுகிறான். நாற்காலி சாய்கிறது, அவன் மேசை விரிப்பைப் பிடித்துக்கொள்ள, தட்டு, ரொட்டி, சாப்பாடு எல்லாம் அவனோடு தரைக்கு வருகின்றன. பெற்றோருக்குச் சாப்பிட எதுவும் மிஞ்சவில்லை.

ஹான்ஸின் கதை பள்ளிக்கூடம் போகும் வழியில் நடக்கிறது. கூரை, மேகம், பறக்கும் குருவிகள், எல்லாம் அவன் கண்ணில் படும். கால் வைக்கும் இடம் மட்டும் படாது. நாய் ஒன்று ஓடிவருகிறது. பார்த்து நட என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை என்பதைக் கதைப்பாட்டே சொல்லிவிட்டுப் போகிறது. நாயும் அவனும் மோதி விழுகிறார்கள். இன்னொரு நாள் ஆற்றங்கரையில் குருவியைப் பார்த்துக்கொண்டே நடந்து தண்ணீருக்குள் விழுகிறான். மூன்று மீன்கள் வேடிக்கை பார்க்கின்றன. இரண்டு பேர் கழியால் அவனைக் கரையேற்றுகிறார்கள். பள்ளிப் பை நீரோடு போய்விடுகிறது.

ஹோஃப்மன் இங்கே நோய் எதையும் விவரிக்கவில்லை. பயமுறுத்தித் திருத்தும் காலத்து நீதிக்கதை எழுதினார். கதைச் சிறுவர்களுக்கு இன்று நாம் மருத்துவச் சீட்டு எழுதுவதும் முறையாகாது. ஆனாலும் இரண்டு கதைகளின் அமைப்பைக் கவனியுங்கள். பிலிப்பைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். தப்பு நடக்கும் முன்பே அவன்மேல் கண் இருக்கிறது. ஹான்ஸுக்குக் கிடைப்பது பட்டப்பெயர் மட்டுமே. பிலிப்பால் பட்டினி கிடப்பது அப்பாவும் அம்மாவும். ஹான்ஸின் பை போனால் நட்டம் ஹான்ஸுக்கு. ஒருவன் பிறருக்குத் தொல்லை, மற்றவன் தனக்கே தொல்லை. இன்றைய வகுப்பறையில் இந்த இருவருக்கும் நேர்வதில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகிறது.

மருத்துவ ஏட்டில் இருவரும்

கதையில் முந்திக்கொண்டவன் பிலிப். மருத்துவத்தில் கதை சற்று விசித்திரமானது. ஹோஃப்மனுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, 1798-இல், ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் மனக்கோளாறுகள் பற்றிய தம் நூலில் கவனத்துக்கும் அதன் நோய்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஒரு பொருளில் மனம் நிலைத்து நிற்க முடியாமை சிலருக்குப் பிறவியிலேயே அமையும், அது படிக்கும் வயதிலேயே வெளிப்பட்டுக் கல்வியைக் கெடுக்கும், வயது ஏற ஏறக் குறைவதும் உண்டு என்றார். அவர் மையமாக வைத்தது கவனத்தை. அந்த வரையறைக்குள் ஹான்ஸுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த இடம் போய்விட்டது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் நிகழ்த்திய உரைகள்தாம் இத்துறையின் தொடக்கம் என்று பலர் சொல்வார்கள். அவர் விரிவாக எடுத்துக்காட்டிய 20 பிள்ளைகளில் 15 பேர் ஆண்கள். அவர்களிடம் அவர் கண்டது ஒழுக்கக் கட்டுப்பாட்டில் ஒரு குறை: ஆத்திரம், அடங்காமை, பொறுமையின்மை. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கலுள்ள 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 14 பேரின் பள்ளிப் படிப்பு கண்ணுக்குத் தெரியும்படி முன்னேறியது. பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். அங்கும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பிலிப்பின் இனத்தார். 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இந்நிலைக்கு வைத்த பெயர் 'குழந்தைப் பருவ மிகையியக்க எதிர்வினை'. ஓடுவதும் குதிப்பதுமே பெயராகிவிட்டது.

திருப்பம் மாண்ட்ரியலில் வந்தது. மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் விர்ஜீனியா டக்ளஸ், இந்தப் பிள்ளைகளின் அடிப்படைத் தடுமாற்றம் கவனத்தைத் தொடர்ந்து நிறுத்திவைப்பதிலும் உந்துதலை அடக்குவதிலும் இருக்கிறது, அசைவு அதற்குப் பிறகுதான் என்று 1972-இல் வாதிட்டார். 1980-இல் கையேட்டின் மூன்றாம் பதிப்பு பெயரையே மாற்றியது. கவனக்குறைவுக் கோளாறு, அதில் மிகையியக்கத்தோடு ஒன்று, மிகையியக்கம் இல்லாமல் ஒன்று. ஹான்ஸுக்கு முதன்முறையாகத் தனிப்பெயர் கிடைத்தது. ஏழே ஆண்டில், 1987 திருத்தத்தில், அவன் மறுபடியும் பின்வாசலுக்குத் தள்ளப்பட்டான். எல்லா அறிகுறிகளும் ஒரே பட்டியலாகக் கலக்கப்பட்டன. 1994-இல் மூன்று வகைகள் வந்தன: கவனக்குறைவு மேலோங்கியது, மிகையியக்கமும் உந்துதலும் மேலோங்கியது, இரண்டும் சேர்ந்தது. 2013-இல் 'வகை' என்ற சொல்லும் போய் 'வெளிப்பாடு' என்றாயிற்று. அந்தச் சொல்மாற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டு பட்டியல்

இப்போதைய கையேட்டில் இருவருக்கும் ஆளுக்கு ஒன்பது அறிகுறிகள். பிலிப்பின் பட்டியலில் கைகாலை ஆட்டுவது, உட்கார வேண்டிய நேரத்தில் எழுந்துவிடுவது, ஓடுவது, ஓயாமல் பேசுவது, கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வது, வரிசையில் நிற்க முடியாமல் தவிப்பது ஆகியவை இருக்கின்றன. ஹான்ஸின் பட்டியலில் கவனமில்லாத பிழைகள், நேருக்கு நேர் பேசினாலும் கேட்காததுபோல் இருப்பது, தொடங்கியதை முடிக்காமை, பொருள்களைத் தொலைப்பது, அன்றாட வேலையை மறப்பது ஆகியவை. பதினாறு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஏதேனும் ஒரு பட்டியலில் ஆறாவது இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால் பிள்ளையின் வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

பிலிப்பின் பட்டியலில் உள்ளவை எல்லாம் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிபவை, காதுக்குக் கேட்பவை. ஹான்ஸின் பட்டியலில் உள்ளவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்: நோட்டைத் திறக்க வேண்டும், வீட்டுப்பாடத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், தொலைந்த பென்சில்களை எண்ண வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள அறையில் ஒருவருக்கு நேரம் எங்கே இருக்கிறது? அதனால் ஊர்ப்பேச்சு அதற்கு வேறு சொற்களை வைத்திருக்கிறது. பிலிப் 'வாலு', 'துறுதுறு', 'அடங்காதவன்'. ஹான்ஸ் 'மந்தம்', 'சோம்பேறி', "ஆள் இங்க, மனசு எங்கயோ". முதல் வகைச் சொற்களில் கோபமும் கொஞ்சம் செல்லமும் கலந்திருக்கும். இரண்டாம் வகையில் இருப்பது தீர்ப்பு.

ஒரே வேலையை இருவரிடமும் கொடுத்துப் பார்ப்போம். "நாற்பத்திரண்டாம் பக்கம் எடுங்க, மூணாவது கணக்கைப் போடுங்க, விடைக்கு அடியில கோடு போட்டுட்டு நோட்டை மேசையில வைங்க." இதில் நான்கு கட்டளைகள். பிலிப் பக்கத்தைத் திருப்பும்போதே முதல் கணக்கைப் பார்த்து அதையே போடத் தொடங்கிவிடுவான். முடித்துவிட்டேன் என்று எழுந்து ஓடிவருவான். கோடு இருக்காது. ஹான்ஸ் பக்கத்தை எடுப்பான். அங்கே ஒரு படகின் படம் இருக்கும். மணி அடிக்கும்போது நோட்டில் தேதி மட்டும் எழுதியிருக்கும். இருவரிடமும் தவறியது ஒன்றே: கேட்ட கட்டளையை, அது செயலாக மாறும்வரை மனதில் பிடித்துவைத்திருப்பது. உளவியலார் இதைச் செயல் நினைவு என்கிறார்கள். சந்தைக்குப் போகும் வழியில் வாங்க வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே போவோமே, அந்த முணுமுணுப்புக்கு ஒப்பானது. பிலிப்புக்கு அந்த முணுமுணுப்பை முந்திக்கொண்டு கை நீண்டுவிடுகிறது. ஹான்ஸுக்கு வழியிலேயே முணுமுணுப்பு நின்றுவிடுகிறது.

அசைவின் பொருள், அசையாமையின் பொருள்

"கையைக் கட்டு, வாயைப் பொத்து." நம் வகுப்பறையின் பழைய மந்திரம் இது. உடல் அடங்கினால் மனம் தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. இந்த நம்பிக்கையை மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்க் ராப்போர்ட்டின் ஆய்வுக் குழு சோதித்துப் பார்த்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் கணுக்காலிலும் கையிலும் அசைவை அளக்கும் சிறு கருவிகளைக் கட்டிவிட்டு, நினைவில் வைத்து வரிசைப்படுத்தும் பணிகளைக் கொடுத்தார்கள். செயல் நினைவுக்கு வேலை வந்ததும் எல்லாச் சிறுவர்களின் அசைவும் கூடியது, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் வெகுவாகக் கூடியது. 2009-இல் வெளியான அந்த முடிவைத் தொடர்ந்து 2015-இல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது. ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர்கள் கூடுதலாக அசைந்தபோது செயல் நினைவுப் பணியை மேலாகச் செய்தார்கள். மற்றச் சிறுவர்களிடம் அப்படி நடக்கவில்லை.

அப்படியென்றால் பிலிப்பின் ஆடும் கால், சில நேரமாவது, அவன் பாடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கச் செய்யும் முயற்சி. காலை அடக்கச் சொன்னால் அடக்குவான்; அடக்குவதிலேயே அவன் கவனம் தீர்ந்துபோகும். ஹான்ஸிடம் இதற்கு நேர்மாறு. அவனுடைய அசையாமை ஆசிரியருக்கு நிம்மதி தருகிறது. கண் பலகையின் பக்கம் இருக்கிறது, கை புத்தகத்தின்மேல் இருக்கிறது. அவன் புறப்பட்டுப் போய் வெகுநேரம் ஆகிவிட்டதை அந்த உடல் மறைத்துவிடுகிறது. கவனத்தின் அடையாளமாக வகுப்பறை வைத்திருக்கும் அளவுகோல் இருவரிடமும் பொய்க்கிறது. பிலிப்பிடம் இருக்கும் கவனத்தை அது இல்லை என்கிறது; ஹான்ஸிடம் இல்லாததை இருக்கிறது என்கிறது.

இங்கே பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. "டிவி முன்னாடி ரெண்டு மணி நேரம் அசையாம உட்காருறானே சார், அவனுக்கா கவனம் இல்ல?" கவனம் இருக்கிறது. அதை எங்கே திருப்புவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எப்போது விடுவது என்ற கட்டுப்பாடுதான் தளர்ந்திருக்கிறது. திரை நொடிக்கு நொடி பலன் தருகிறது. பின்னக் கணக்கின் பலன் அரையாண்டுத் தேர்வில் வரும். தொலைவில் உள்ள பலனுக்காக இன்றைய சலிப்பைத் தாங்குவது இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கடினம். ஆய்வகத்தில் விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொல்லும் எளிய சோதனையிலும் இது தெரிகிறது. இவர்கள் எப்போதும் மெதுவானவர்கள் அல்லர். பல முறை மற்றவர்களைப் போலவே அழுத்துகிறார்கள்; நடுநடுவே சில முறை மட்டும் வெகுநேரம் கழித்து அழுத்துகிறார்கள். "நேத்து சரியா போட்ட கணக்கை இன்னைக்கு ஏன் தப்பா போட்டே?" என்று ஆசிரியர் குழம்புவதன் பின்னணி இந்த ஏற்ற இறக்கம். 'முடியும், வேண்டுமென்றே செய்யவில்லை' என்ற முடிவுக்கு அவர் வருவதும் இதனால்தான்.

வேண்டுமென்றே இல்லை என்பதற்கு மூளை வளர்ச்சியிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஃபிலிப் ஷா குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் புறணி, அதே எண்ணிக்கையிலான மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடப்பட்டது. புறணியின் தடிமன் உச்சத்தைத் தொடும் நடு வயது மற்றவர்களுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. வளரும் வரிசை ஒன்றேதான், காலம் பின்தங்குகிறது. திட்டமிடலுக்கும் அடக்கத்துக்கும் பொறுப்பான முன்பகுதியில் இந்தத் தாமதம் மிகுதி. இரட்டையர் ஆய்வுகள் இந்நிலையில் மரபின் பங்கு ஏறத்தாழ நான்கில் மூன்று என்கின்றன. செல்லம் கொடுத்துக் கெட்டவர்கள் என்ற வீட்டுப்பழி இருவர் விஷயத்திலும் நிற்காது.

யாரோடு யாரைக் குழப்புகிறோம்

ஒப்பீட்டின் மறுபக்கம் இது. ஆடுகிற பிள்ளையெல்லாம் பிலிப் இல்லை, வெறித்துப் பார்க்கும் பிள்ளையெல்லாம் ஹான்ஸ் இல்லை. இருவருக்கும் போலிகள் உண்டு. போலிகளும் வேறு வேறு.

பிலிப்போடு பெரும்பாலும் குழப்பிக்கொள்ளப்படுவது வெறும் வயது. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐப் பள்ளிச் சேர்க்கைக்கு எல்லையாக வைத்திருக்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே சிறியது. செப்டம்பரில் பிறந்தது ஏறத்தாழ ஒரு வயது மூத்தது. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று இவ்விரு மாதப் பிள்ளைகளை ஒப்பிட்டது. ஆகஸ்ட் பிள்ளைகளில் 10,000 பேருக்கு 85.1 பேருக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவு எழுதப்பட்டிருந்தது. செப்டம்பர் பிள்ளைகளில் 63.6 பேருக்கு. எல்லைத்தேதி அதுவாக இல்லாத மாநிலங்களில் அப்படியொரு வேறுபாடு காணப்படவில்லை. ஐந்து வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. சிறுபிள்ளையின் இயல்பைக் குறைபாடாகப் படித்துவிடும் அபாயத்தை இந்த எண்கள் காட்டுகின்றன. தூக்கம் போதாத பிள்ளையும் சோர்ந்து கிடப்பதற்குப் பதில் துள்ளிக்கொண்டிருக்கும்.

ஹான்ஸின் போலிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. காது சரியாகக் கேட்காத பிள்ளை, பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை, இரத்தசோகையில் சோர்ந்த பிள்ளை, வீட்டுக் கவலையைச் சுமந்து வந்த பிள்ளை. எல்லோருமே சன்னலோரத்தில் ஹான்ஸைப் போலத்தான் தெரிவார்கள். முக்கியமான இன்னொருவர், வெறிக்கும் வகை வலிப்பு உள்ள பிள்ளை. பேச்சின் நடுவே, எழுத்தின் நடுவே சில நொடிகள் அப்படியே நின்றுவிடும். கூப்பிட்டாலும் தோளைத் தட்டினாலும் அந்த நொடிகளில் திரும்பாது. பிறகு ஒன்றும் நடவாததுபோல் தொடரும். பகல்கனவில் இருக்கும் பிள்ளை தட்டினால் திரும்பிவிடும். இந்த வேறுபாட்டைக் கண்டு மருத்துவரிடம் அனுப்பும் வாய்ப்பு ஆசிரியருக்கே மிகுதி.

பார்வையில் படாதவர்களில் இன்னொரு கூட்டம் சிறுமிகள். மருத்துவமனைகளுக்கு அழைத்துவரப்படுபவர்களில் ஆண்பிள்ளைகளின் விகிதம், ஊரில் உண்மையாக உள்ள விகிதத்தைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். சிறுமிகளிடம் கவனக்குறைவு மேலோங்கிய வெளிப்பாடு மிகுதி என்பது ஒரு காரணம். நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. "அமைதியான பொண்ணு" என்பது இங்கே பாராட்டு. பின் பெஞ்சில் பேசாமல் இருந்து நான்கு ஆண்டுகளாக எதுவும் ஏறாமல் போன சிறுமியைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. பெண் ஹான்ஸுக்குப் பட்டப்பெயர்கூடக் கிடைப்பதில்லை.

ஒரே மருந்து, வேறு வேறு நாற்காலி

இருவருக்கும் பொதுவானவை முதலில். மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் இரண்டு வெளிப்பாடுகளிலும் பயன்படுகின்றன. மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே. அமெரிக்க அரசு ஆதரவில் 579 பிள்ளைகளை 14 மாதம் பின்தொடர்ந்து 1999-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றதைவிட முந்தி நின்றது. மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வேறுபாடு மறைந்திருந்தது. மருந்து கவனத்துக்குக் கதவு திறக்கலாம். தவறிப்போன வகுத்தல் கணக்கை அது சொல்லிக்கொடுக்காது. அதை வகுப்பறைதான் செய்ய வேண்டும்.

கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்வது, சொன்னதைப் பலகையிலும் எழுதிவைப்பது, நீண்ட வேலையைத் துண்டு போடுவது, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் உடனே ஒரு சொல் சொல்வது ஆகியவை இருவருக்கும் உதவும். அன்றன்றைக்கு இரண்டு மூன்று இலக்குகளைக் குறித்து வீட்டுக்கு அனுப்பும் நாள் அட்டையும் அப்படியே.

இதற்கு மேல் வழி பிரிகிறது. பிலிப்புக்கு வேண்டியது அசைய ஓர் அனுமதி. நோட்டுகளைச் சேகரிப்பது, பலகையைத் துடைப்பது, நின்றுகொண்டு எழுதுவது எல்லாமே அசைவுக்குப் பாடத்துக்குள் இடம் தரும் வழிகள். ஹான்ஸுக்கு வேண்டியது அடிக்கடி வந்து தொடும் ஒரு கை. ஆசிரியர் அவன் பெஞ்சைக் கடந்து போகும்போது நோட்டின்மேல் விரல் வைத்து, "எது வரைக்கும் வந்தே?" என்று மெல்லக் கேட்டால் போதும். பிலிப்புக்கு உத்தரவின் முடிவில் ஒரு நிறுத்தம் வேண்டும். ஹான்ஸுக்குத் தொடக்கத்தில் ஒரு தள்ளு வேண்டும். ஓசை விஷயத்திலும் பொதுவிதி இல்லை. ஸ்வீடனில் யோரான் சோடர்லுண்ட் குழுவினர் செய்த சோதனைகளில், ஒரே சீரான இரைச்சல் பின்னணியில் ஒலித்தபோது கவனம் குறைந்த பிள்ளைகளின் நினைவாற்றல் கூடியது. கவனமுள்ள பிள்ளைகளுக்குக் குறைந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் கற்பித்தல் முறையிலிருந்து வந்தது. பிள்ளைகள் பாயில் குழுவாக உட்கார்ந்தார்கள். சுவரில் ஏணிப் படம். தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, பிள்ளையே எழுந்துபோய்த் தட்டிலிருந்து தனக்குரிய அட்டையை எடுத்து வரும். சுவரின் அடிப்பகுதியில் எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு. ஏ.டி.எச்.டி.க்காக வகுக்கப்பட்ட முறை இல்லை இது. ஆனாலும் நம் இருவரையும் அந்த அறையில் உட்காரவைத்துப் பாருங்கள். பிலிப்புக்கு அது திருவிழா. எழுவதே அங்கே பாடத்தின் பகுதி. ஹான்ஸுக்கு நன்மை பாதி, ஆபத்து பாதி. ஒரே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஒரு பாடவேளையைக் கழித்துவிட முடியும். ஆனால் ஏணி அவனைக் காட்டிக்கொடுக்கும்: எல்லோரும் மேலே ஏறிக்கொண்டிருக்க, ஒரு பெயர் அதே படியில் நிற்கும். பேசுபவர்கள் பட்டியலில் ஒருநாளும் வராத பெயர், ஏணியில் தெரிந்துவிடும்.

ஆசிரியர் சந்தேகப்பட்டால் அனுப்ப இடமும் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவக் குழு வருகிறது. அது பார்க்க வேண்டிய 30 நிலைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. மேல்சோதனைக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. வந்த குழுவிடம் பிலிப்பை யாரும் சுட்டிக்காட்டத் தேவையில்லை; அவனே ஓடிவந்து ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டுப் பார்ப்பான். ஹான்ஸை ஒருவர் பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும்.

இருவரும் ஒருவரே ஆகும்போது

இவ்வளவு நேரம் இருவரையும் தனித்தனியாக நிறுத்தினேன். உண்மையில் மருத்துவமனைகளில் மிகுதியாகக் காணப்படுவது இரண்டும் சேர்ந்த வெளிப்பாடு. மேசையையும் கவிழ்ப்பான், பையையும் ஆற்றில் விடுவான். அதோடு, ஆண்டுகள் போகப் போக ஓட்டமும் குதிப்பும் தணிகின்றன. மறதியும் சிதறலும் நீடிக்கின்றன. ஆறு வயதில் பிலிப்பாக இருந்தவன் பதினான்கில் ஹான்ஸாக இருக்கலாம். ஒரு பிள்ளையே ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதைக் கண்டுதான் கையேடு 2013-இல் 'வகை' என்ற சொல்லைக் கைவிட்டு 'வெளிப்பாடு' என்றது.

வகுப்பறைக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில், "இப்பல்லாம் ரொம்ப திருந்திட்டான்" என்று ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு சொல்லும் மாணவனின் பெயர் பலகையிலிருந்து இறங்கியிருக்கும். அவன் பெற்றோர் அழைக்கப்படுவதும் நின்றிருக்கும். மதிப்பெண் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். நாற்காலி ஆடுவது நின்றதைத் திருத்தமாக எடுத்துக்கொள்கிறோம். அவன் ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறான் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

எனவே வகுப்புத் தலைவனிடம் சாக்பீஸ் கொடுக்கும் ஆசிரியர், திரும்பி வந்ததும் பலகையைப் பார்ப்பதோடு ஒரு நடை நடந்து, பேசாதவர்களின் நோட்டையும் பார்க்கலாம். தேதிக்குக் கீழே எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்க்க அரை நிமிடம் போதும். நாய் ஓடிவந்தபோது ஹான்ஸிடம் ஒருவரும் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை, அந்த அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.